அது எந்த அலை, சார்?



போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே செய்தி எனக்கு நான்கு பேரிடமிருந்து வந்தது. மூன்று பேர் பழைய மாணவர்கள். நான்காவது ஆள் என் அக்கா மகன். சர்ஃப் என்ற ஆங்கிலச் சொல் நம்முடைய 'சுருள்' என்ற சொல்லிலிருந்துதான் போனதாம். சுருண்டு வரும் அலையைப் பார்த்து மாமல்லபுரத்து மீனவர்கள் சொன்னதை வெள்ளைக்காரன் காதில் வாங்கி எழுதிக்கொண்டானாம். கடைசியில் வழக்கமான வரி: தமிழனாக இருந்தால் பத்துப் பேருக்கு அனுப்பு. அக்கா மகன் மட்டும் அடியில் ஒரு கேள்வி சேர்த்திருந்தான். "மாமா, இது நிஜமா?"

கேட்டானே, அதற்கே அவனுக்கு ஒரு சபாஷ். மற்ற மூவரும் கேட்காமலே பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டார்கள் என்று தெரிகிறது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆங்கிலப் பாடம் எடுத்தவன் நான். பதில் கொஞ்சம் நீளும். டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள். நடுவில் மணி அடிக்காது.

இந்தச் சொல்லோடு எனக்கு ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1984 என்று நினைவு. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கடலோரப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு. ஆங்கிலப் பாடத்தில் ஒரு கப்பல் கதை. பாடத்தின் கடைசியில் அருஞ்சொற்பொருள் பட்டியல். அதில் சர்ஃப் என்று ஒரு சொல். "சர்ஃப்னா என்ன?" என்று கேட்டேன். வகுப்பே ஒரே குரலில் கத்தியது: "துணி துவைக்கிற பவுடர், சார்!"

அவர்கள் மேல் தப்பில்லை. அந்தச் சலவைத்தூள் 1959-இல் இந்தியாவுக்கு வந்தது. அதற்குப் பிறகு எந்தக் கம்பெனித் தூளாக இருந்தாலும் நம் வீடுகளில் அதற்குப் பெயர் சர்ஃப்தான். கடையில் போய் "நிர்மா சர்ஃப் ஒரு பாக்கெட் குடுங்க" என்று கேட்ட ஊர் நம்முடையது. நானும் சிரித்துவிட்டுக் கரும்பலகையில் எழுதினேன்: கரையில் மோதி நுரைக்கும் அலை.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை எழுந்தது. குப்பத்துப் பையன். அதிகம் பேசாதவன். "சார், அது எந்த அலை சார்? வெளியில உடையற அலையா, கரைகிட்ட உடையற அலையா?"

நான் செங்கல்பட்டுக்காரன். கொளவாய் ஏரியில் கல் விட்டெறிந்து வளர்ந்தவன். கடலைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி. கேள்வியே எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று ஒப்புக்கொள்ளும் வயசும் அப்போது எனக்கு வரவில்லை. "அலைன்னா அலைதான். உக்காருடா" என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் உட்கார்ந்துவிட்டான். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அவன் பள்ளிக்கு வரவில்லை. வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் பெயரை அடித்தது நான்தான்.

இனி அக்கா மகன் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

சர்ஃப் என்ற சொல்லின் பிறப்பு என்ன? பெரிய ஆங்கில அகராதிகள் கைவிரிக்கின்றன. தெரிந்தது இவ்வளவுதான். 1590-களில் 'சஃப்' என்று ஒரு சொல் ஆங்கிலக் கடல் பயண எழுத்துகளில் தலைகாட்டுகிறது. கரையை நோக்கித் தள்ளிக்கொண்டு வரும் கடல் என்று அதற்குப் பொருள். 1680-களில் நடுவில் ஓர் 'ர்' சேர்ந்து சர்ஃப் ஆகிறது. இந்தச் சொல்லை அந்தக் காலத்தில் பெரும்பாலும் எதைப் பற்றிப் பேசும்போது எழுதினார்கள் தெரியுமா? இந்தியக் கடற்கரையைப் பற்றிப் பேசும்போது. அதனால் இது ஏதோ ஓர் இந்திய மொழிச் சொல்லாக இருக்கலாம் என்று சிலர் ஊகிக்கிறார்கள். காற்றும் நீரும் எழுப்பும் இரைச்சலைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல் ஒன்று திரிந்து இப்படி ஆகியிருக்கலாம் என்று வேறு சிலர் ஊகிக்கிறார்கள். இரண்டுமே ஊகம்தான். 'சுருள்' எந்த அகராதியிலும் இல்லை.

செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்களுக்குப் பட்டா விவகாரத்தை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மனை வாங்குவதற்கு முன் என்ன கேட்கிறோம்? தாய்ப்பத்திரம் எங்கே, வில்லங்கச் சான்றிதழ் எங்கே, யாரிடமிருந்து யார் கைக்கு வந்தது? சொல்லுக்கும் அதே மூன்று கேள்விதான். முதன்முதலில் எங்கே, எந்த வடிவத்தில் எழுதப்பட்டது? எந்த வழியாக அந்த மொழிக்குப் போனது? நடுவில் எப்படியெல்லாம் உருமாறியது? இதற்கு விடை இல்லாமல், காதுக்கு ஒரே மாதிரி கேட்கிறது என்பதை மட்டும் வைத்து உரிமை கொண்டாடினால் அது போலிப் பட்டா. எவ்வளவு பெருமையாக ஃபிரேம் போட்டு மாட்டினாலும் போலி போலிதான்.

தாய்ப்பத்திரம் உள்ள சொத்து நமக்கு இல்லையா என்ன? கட்டுமரம் இருக்கிறது. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி 1697-இல் வெளியிட்ட பயண நூலில், சோழமண்டலக் கரையில் மரங்களைச் சேர்த்துக் கட்டி மிதக்கும் கலத்தைக் 'கட்டமரான்' என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார். இடம், பொருள், பெயர் மூன்றும் பொருந்துகின்றன. இன்று உலகமெங்கும் இரட்டை உடல் கொண்ட பாய்மரப் படகுக்கும் அதிவேகக் கப்பலுக்கும் அந்தப் பெயர்தான். ஒரு வேடிக்கையும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலப் பேச்சில் சண்டைக்காரப் பெண்மணியையும் இதே சொல்லால் திட்டியிருக்கிறார்கள். நம் சொல் போன இடத்தில் என்னென்ன வேலை பார்த்திருக்கிறது பாருங்கள்.

கறியும் அப்படித்தான். தமிழிலிருந்து போர்த்துகீசியர் வாய்வழியாக ஆங்கிலத்துக்குப் போன பெயர்ச்சொல். பதினாறாம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஆங்கில எழுத்தில் வந்துவிட்டது. ஆனால் அதே உச்சரிப்பில் ஆங்கிலத்தில் பழைய வினைச்சொல் ஒன்றும் இருக்கிறது. அதற்கும் நம் கறிக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. அது பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. குதிரையின் உடம்பைத் தேய்த்துச் சீவிவிடுவது என்று பொருள். ஒரு பழைய பிரெஞ்சுக் கதையில் ஃபாவெல் என்று தந்திரக்காரக் குதிரை ஒன்று வரும். பெரிய மனிதர்கள் எல்லாம் வரிசையில் நின்று அதற்குத் தேய்த்துவிடுவார்கள். 'ஃபாவெலைத் தேய்த்துவிடுவது' என்ற பேச்சு நாளடைவில் காதில் திரிந்து, தயவைச் சம்பாதிப்பது என்று பொருள்படும் ஆங்கிலத் தொடராகிவிட்டது. நாம் காக்காய் பிடிப்பது என்கிறோமே, அதேதான். 'கால் கை பிடித்தல்' தான் 'காக்காய் பிடித்தல்' ஆனது என்று நம் பெரியவர்களும் சொல்வார்கள். ஒரே மாதிரிக் கேட்கும் இரண்டு சொல், ஒன்று நம்முடையது, மற்றது இல்லை. காதை மட்டும் நம்பியிருந்தால் நாம் குதிரை லாயத்தில் போய்க் குழம்பு தேடியிருப்போம்.

ஆகவே அக்கா மகனுக்குப் பதில்: நிஜமில்லைடா. சுருளுக்கு ஆதாரம் இல்லை. ஆனால் அந்தச் சொல்லை ஆங்கிலேயர்கள் வாயில் ஊறவைத்ததில் நம் கடற்கரைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அது போலிப் பட்டாவைவிடப் பெரிய சங்கதி.

எப்படி என்று சொல்கிறேன். 1639-இல் ஆங்கிலேயர்கள் சென்னையில் இடம் வாங்கியபோது அங்கே துறைமுகம் கிடையாது. பழவேற்காடு தொடங்கி சென்னை, கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரை திறந்த கடல், நேரான மணற்கரை. பெரிய கப்பல் கரைக்கு வர முடியாது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். நடுவில் இருப்பது அந்த அலை. லண்டனிலிருந்து ஆறு மாதம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்களுக்குக் கடைசி அரை மைல்தான் ஆபத்தான தூரம்.

அந்த அரை மைலைக் கடக்க வெள்ளைக்காரனின் படகு உதவவில்லை. ஆணி அடித்த படகை அலை தூக்கி மணலில் போட்டால் பிளந்துவிடும். நம் ஆட்கள் வைத்திருந்தது மசூலா படகு. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஓர் ஆணிகூட இருக்காது. அடி விழும்போது வளைந்து கொடுக்கும், உடையாது. கவர்னரும் அவர் மனைவியும் பீரங்கியும் பணப்பெட்டியும் எல்லாம் அந்தத் தையல் படகில்தான் கரை சேர்ந்தார்கள். படகும் போக முடியாத நாளில் கட்டுமரம் போகும். ஓலைத் தொப்பிக்குள் கடிதத்தை நனையாமல் செருகிக்கொண்டு கட்டுமரக்காரர்கள் கப்பலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அலை மிஞ்சிவிட்டால் கரையில் கொடி ஏற்றுவார்கள். இன்று யாரும் கடலில் இறங்காதே என்று அர்த்தம். சென்னையில் துறைமுகம் கட்டத் தொடங்கிய பிறகும் 1881-இல் ஒரு புயல் வந்து அதை நாசம் செய்துவிட்டுப் போனது. அதாவது இருநூற்றைம்பது வருஷ காலம் ஒரு பேரரசின் வரவும் போக்கும் நம் குப்பத்து ஆட்களின் துடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கால ஆங்கிலேயர்களின் எழுத்தைப் படித்தால் இன்னொரு விஷயம் தெரியும். சென்னைக் கரையின் அலையைப் பற்றிச் சொல்லும்போது அவர்கள் ஒரே அலையாகச் சொல்வதில்லை. வெளியில் உடையும் அலை ஒன்று, கரையருகே உடையும் அலை இன்னொன்று என்று வரிசை பிரித்துச் சொல்கிறார்கள். எதைத் தாண்டினால் பிழைப்போம், எதில் படகு கவிழும் என்பது அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. படகுக்காரர்கள் அவர்களுக்குக் கற்றுக் கொடுத்த பாடம் அது.

இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். "அது எந்த அலை சார்?" அந்தப் பையன் கேட்டது சரியான கேள்வி. கப்பல் தலைவர்கள் கேட்ட கேள்வி. அந்தச் சொல்லின் பொருள் என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதற்கு ஆங்கிலப் பெயர் சர்ஃப் என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது அந்தப் பெயர் மட்டும்தான். யார் யாரை உட்காரச் சொல்லியிருக்க வேண்டும்?

நம் வரலாற்றுப் பாடமும் என் மாதிரிதான். 1752-இல் கிளைவ் கோவளம் கோட்டையையும் செங்கல்பட்டுக் கோட்டையையும் பிடித்தது பற்றிப் படித்திருக்கிறோம். கோட்டை பிடித்தவர் பெயர் தெரியும். அவர்களை அலை தாண்டிக் கரை சேர்த்தவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா?

இனி வினைச்சொல்லுக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் சர்ஃப் பல காலம் பெயர்ச்சொல்லாகத்தான் இருந்தது. அலையில் பலகை போட்டு ஏறி வருவது என்ற பொருளில் அது வினையாக ஓடத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அந்த விளையாட்டு ஹவாய்த் தீவுக்காரர்களுடையது. அவர்கள் மொழியில் அதற்குச் சொந்தப் பெயர் உண்டு. கேப்டன் குக்குடன் போன ஜேம்ஸ் கிங் என்ற அதிகாரி 1779-இல் அதைப் பார்த்து வியந்து எழுதினார். 1907-இல் ஜாக் லண்டன் என்ற அமெரிக்க எழுத்தாளர் ஹவாய்க்குப் போய்த் தானே பலகையில் ஏறிப் பார்த்துக் கட்டுரை எழுதினார். ஆங்கிலேயன் நம் கரையில் பழகிய பெயரை ஹவாய்க்காரனின் விளையாட்டுக்குச் சூட்டி ஒரு வினைச்சொல் செய்துகொண்டான். 1992-இல் ஜீன் ஆர்மர் பாலி என்ற அமெரிக்க நூலகர் இணையத்தில் தேடித் திரிவதற்கு அதே சொல்லைத் தலைப்பில் வைத்துக் கட்டுரை எழுதினார். அது பிரபலமாகிவிட்டது. இப்போது என் பேரன் சோபாவில் படுத்துக்கொண்டே சர்ஃப் பண்ணுகிறான். ஒரு துளி தண்ணீர் மேலே படுவதில்லை.

பெயர்ச்சொல்லை வினையாக்க ஆங்கிலத்துக்கு இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. தமிழில் பாருங்கள். அலை என்றால் கடலலை. அலை என்றால் அலைந்து திரி. பெயரும் அதுவே, வினையும் அதுவே. திரை என்றாலும் அப்படித்தான். கடல் அலைக்கும் திரை என்று பெயர், பால் கெட்டுப்போனால் 'திரைந்துவிட்டது' என்கிறோம், பேரன் பார்க்கும் கண்ணாடிக்கும் திரை என்றே பெயர். கணினித் தமிழ் செய்தவர்கள் ஆங்கிலத்தின் அலையைக் கடன் வாங்காமல் 'உலாவுதல்' என்று வைத்தார்கள். உலாவி என்ற சொல் அப்படி வந்தது. எனக்கு அது பிடித்திருக்கிறது. வீட்டுக்குள் உட்கார்ந்து செய்வதற்கு உலாவுதல் போதும். அலை பெரிய வார்த்தை.

கடலில் செய்வதற்கு நம் செய்தித்தாள்கள் 'அலைச்சறுக்கு' என்கின்றன. சறுக்கினால் விழுந்துவிடுவோமே, யானைக்கும் அடி சறுக்கும் என்கிறோமே, அதைப் போய் விளையாட்டுக்கு வைக்கலாமா என்று தமிழாசிரியர் நண்பர் ஒருவர் கோபித்துக்கொண்டார். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. பார்த்தவரையில் அவர்கள் பத்துத் தடவை விழுந்து ஒரு தடவை நிற்கிறார்கள். சொல் பொருத்தம்தான். ஆனால் அதைவிடப் பொருத்தமான சொல் ஒன்று நம் கரையிலேயே இருந்தது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சில வருஷங்களுக்கு முன் கோவளத்துக்குப் போயிருந்தேன். பையன்கள் பலகையோடு அலையில் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். குப்பத்துப் பிள்ளைகளும் சென்னையிலிருந்து வந்த பிள்ளைகளும் கலந்து. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. எழுந்து வந்து, "சார், நீங்க இங்கிலீஷ் சார்தானே?" என்றார். அந்தக் கடைசி பெஞ்சுப் பையன். இப்போது பேரன் எடுத்துவிட்டாராம். கல்யாணம் ஆகி மனைவி ஊரோடு இங்கே வந்துவிட்டாராம். தண்ணீரில் இருந்த ஒரு பையனைக் காட்டி, "நம்ம பையன்தான் சார், சின்னவன்" என்றார்.

எனக்கு வார்த்தை வரவில்லை. அந்தக் கேள்வி ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். நான் சிரித்த வகுப்பையும் சொல்லி, "அன்னிக்கு நான் பண்ணது தப்புப்பா" என்றேன். அவர் பதறிப்போய், "அய்ய, அதெல்லாம் எதுக்கு சார்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கடலைக் கையால் காட்டி, நாற்பது வருஷம் கழித்து எனக்குப் பாடம் எடுத்தார். அதோ அந்த வெளி அலை, அது உடைந்த பிறகு ஒரு அமைதி வரும், அந்த இடைவெளியில் மரத்தைத் தள்ளிவிட வேண்டும், முந்தினாலும் போச்சு, பிந்தினாலும் போச்சு. 

"அதே அலைதான் சார். நாங்க தாண்டிப் போனோம். இவன் ஏறி வர்றான்."

"திரும்பி வரும்போது நீங்க எப்படி வருவீங்க?"

"நாங்களும் ஏறித்தான் வருவோம். நல்ல அலையாப் பார்த்துக் காத்திருந்து, அது தூக்கும்போது மரத்தை நேரா புடிச்சா ஒரே ஓட்டம், மணல்ல வந்து நிக்கும். எங்கப்பா நின்னுக்கிட்டே வருவாரு. அதுக்கெல்லாம் யாரு கப்பு குடுத்தா?" என்று சிரித்தார்.

"அதுக்கு உங்க பேச்சுல என்ன பேரு?"

யோசித்தார். "பேரா? கரையேர்றதுதான் சார்."

கரையேறுதல். நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் இந்தச் சொல்லை! பெண்ணைக் கரையேற்ற வேண்டும், கடனிலிருந்து கரையேற வேண்டும், பத்தாம் வகுப்புப் பையன்களை எப்படியாவது கரையேற்றிவிட வேண்டும் என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வோம். உருவகமாகவே பழகிப்போன சொல். அதன் சொந்தப் பொருளை, ஈர மணலோடும் உப்போடும், அன்றைக்குத்தான் நேரில் கேட்டேன். அதைச் சொன்னவர் நான் கரையேற்றாமல் விட்ட மாணவர்.

2025 ஆகஸ்ட்டில் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்தது. இந்திய வீரர் ஒருவர் வெண்கலம் வாங்கினார். மகிழ்ச்சி. நம் குப்பத்துப் பிள்ளைகள் பலகையில் நின்று பெயர் வாங்கட்டும், வெளிநாடு போகட்டும். அப்பாவின் கடல் அறிவு மகனுக்கு விளையாட்டாகவாவது சோறு போடட்டும். எனக்குக் கவலை வேறு இடத்தில்.

2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையில் கட்டுமரம் வேகமாகக் குறைந்துவிட்டது. ஃபைபர் படகும் இன்ஜினும் வந்துவிட்டன. நல்லதுதான், உழைப்பு மிச்சம். யாரும் நம் ஆசைக்காக மரத்தில் துடுப்பு வலித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. ஆனால் மரம் போகும்போது மரத்தோடு கட்டியிருந்த சொற்களும் அவிழ்ந்து போகின்றன. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைப் பிரித்து, மணலில் உலர்த்தி, மறுநாள் விடியலில் மறுபடி கட்டுவார்கள். கட்டுவது, பிரிப்பது, தள்ளுவது, வலிப்பது, கரையேறுவது. இவை எல்லாம் வினைச்சொற்கள். பெயர்ச்சொல்லை அருங்காட்சியகத்தில் வைத்துக் காப்பாற்றிவிடலாம். எழும்பூரில் ஒரு கட்டுமரத்தைக் கொண்டுபோய் நிறுத்தினால் போதும். வினைச்சொல்லை அப்படிக் காப்பாற்ற முடியாது. யாராவது செய்ய வேண்டும், செய்தவரிடம் யாராவது கேட்க வேண்டும்.

நாம் பள்ளியில் சொல்லிக் கொடுத்தது வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று நான்கு காற்று. மதிப்பெண் ஒன்று. கடலுக்குப் போகிறவர்கள் கச்சான் என்றும் சோளகம் என்றும் பிரித்துச் சொல்லி, அதை வைத்து இன்று வலை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். இந்தச் சொற்களில் ஒன்றையாவது நான் வகுப்பில் அவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டேனா? இல்லை. ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ப் பொருள் எழுதிப் போட்டுக்கொண்டே இருந்தேன். பொருள் தெரிந்த பிள்ளைகள் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள்.

அதனால் என் கருத்து இதுதான். ஆங்கில அகராதியில் ஏதாவது ஒரு சொல்லைப் பிடித்து, இது எங்களுடையது என்று இல்லாத பட்டாவைக் காட்டுவதில் எந்தப் பெருமையும் இல்லை. ஆதாரம் கேட்கும் ஒரு வெளியூர்க்காரன் வந்தால் நாம் தலைகுனிய வேண்டியிருக்கும். அதைவிட மோசம், கட்டுமரம் மாதிரி உண்மையான சொத்தையும் அவன் சந்தேகப்படுவான். 'சர்ஃப் தமிழ்ச் சொல்' என்று பத்துப் பேருக்கு அனுப்புகிறவர்களில் எத்தனை பேர் பக்கத்துக் குப்பத்தில் போய் 'இந்த அலைக்கு உங்கள் பேச்சில் என்ன பெயர்?' என்று கேட்டிருக்கிறோம்? மாமல்லபுரத்துக்கு மாசம் ஒரு தடவை போகிறோம். கடற்கரைக் கோயில் முன்னால் நின்று படம் எடுக்கிறோம். மீன் வறுவல் சாப்பிடுகிறோம். அந்த மீனைப் பிடித்தவரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அதற்குக் காசும் ஆகாது.

கடலோர ஊர்களில் ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்கிறேன். உங்களில் பதினாறு பதினேழு பேர் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். உங்கள் வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை, நீங்கள் எழுதிப் போட்ட பொருளைப் பார்த்து, "அது எந்த அலை சார்?" என்ற மாதிரி ஏதாவது கேட்கும். உங்களுக்குப் புரியாது. பாடம் முடியவில்லையே என்று அவசரமாக இருக்கும். தயவுசெய்து உட்காரச் சொல்லாதீர்கள். கரும்பலகைக்குக் கூப்பிட்டுச் சாக்பீஸைக் கையில் கொடுங்கள். அந்த ஐந்து நிமிஷத்தில் பாடத்திட்டம் ஒன்றும் மூழ்கிவிடாது.

மற்றவர்களுக்கு வீட்டுப்பாடம். பழைய வாத்தியார் சும்மா விடுவேனா? உங்கள் ஊர் கடலோரமானால் கடல் சொல், ஏரிக்கரையானால் ஏரிச் சொல், நெசவுத் தெருவானால் தறிச் சொல். வீட்டுப் பெரியவரிடம் கேட்டு ஒரே ஒரு வினைச்சொல் எழுதி அனுப்புங்கள். என்ன செய்வார்கள், எப்போது சொல்வார்கள், யார் சொன்னது, எந்த ஊர் என்று நான்கு வரி போதும். ஆதாரத்தோடு வேண்டும். ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். முதல் பக்கத்தில் 'கரையேறுதல்' எழுதி, சொன்னவர் என்ற இடத்தில் என் மாணவர் பெயரை எழுதியிருக்கிறேன். ஒரு காலத்தில் சிவப்பு மையால் அடித்த பெயர். இப்போது நீல மையில், முழுப் பெயராக, இன்ஷியலோடு.

அக்கா மகனே, நீ கேட்டதால்தான் இவ்வளவும் எழுதினேன். இதை வேண்டுமானால் பத்துப் பேருக்கு அனுப்பு. அனுப்பாவிட்டாலும் குற்றமில்லை. அடுத்த வாரம் மாமல்லபுரம் வருகிறாயாமே. கோயிலைப் பார்த்து முடித்ததும் ஒரு போன் போடு. கோவளத்தில் ஒருவரை அறிமுகப்படுத்துகிறேன். நான் கேட்காமல் விட்டதை நீயாவது கேள்.

அன்புடன்,
உங்கள் பழைய இங்கிலீஷ் வாத்தியார்,
செங்கல்பட்டு.